முள்ளம்பன்றி முள் பெட்டியின் பின்பக்கம்

போன மாதம் எங்கள் அருங்காட்சியகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தொண்டர்களோடு பேசுவதற்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு முடிந்ததும் ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "அன்ரி, சம்பளம் இல்லாமல் இவ்வளவு வருசம் வந்திருக்கிறீங்கள். உங்களுக்கு என்ன கிடைச்சது?"

அறிவு வளர்ந்தது, மனம் நிறைந்தது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பிள்ளைகள் மரியாதைக்குக் கை தட்டினார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. முப்பத்தொரு வருடம் மற்றவர்களின் வசனங்களைத் திருத்திச் சாப்பிட்டவள் நான். என் சொந்தப் பதில் அப்படிச் சப்பென்று போகலாமா? அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவளாக இருந்தேன். கோயில் மலர், பாடப் புத்தகம், மரண அறிவித்தல், கலியாண அழைப்பிதழ் என்று எல்லாம் என் கண்ணுக்குக் கீழே போனது. ஓய்வு பெற்றபோது எனக்குக் கண்ணாடியின் தடிப்புத்தான் மிச்சம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு லேனில் நானும் கணவரும் வாடகைக்கு இருந்தோம். பிள்ளைகள் வெளியே போய்விட்டார்கள். யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டியிருந்த காலம். ஊரிலிருந்து வருகிறவர்கள் பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்குமாக எங்கள் வீட்டில் தங்குவார்கள். அப்படித் தங்கிய என் மச்சாளையும் பிள்ளைகளையும் பொழுதுபோக்குக்காகக் கொள்ளுப்பிட்டியில் இருந்த அந்தச் சின்ன அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு பழைய பங்களாவில் ஏழு அறைகள்.

மூன்றாவது அறையில் ஒரு சீப்பு. அதற்குக் கீழே தமிழில் எழுதியிருந்தது: "யானைத் தந்தையினாலான சீப்பு."

சிரித்தேன். பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வோர் அறையாகத் திரும்பிப் போய் எல்லாத் தமிழ் அட்டைகளையும் வாசித்தேன். மச்சாளின் பிள்ளைகள் பசிக்குது என்று அழத் தொடங்கிவிட்டார்கள். இருபத்தேழு பிழைகள். வீட்டுக்கு வந்து ஒரு கடிதம் எழுதினேன். இடப்பக்கம் பிழை, வலப்பக்கம் திருத்தம். பதிலை எதிர்பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் வந்தது. ஆங்கிலத்தில் இரண்டே வரி: "உங்கள் பட்டியலில் இருபத்தேழு உள்ளன. நான் எண்ணியபோது இருபத்தாறு. மற்றதைக் காட்ட வர முடியுமா?"

போனேன். பொறுப்பாளர் அமரதாச மாத்தயாவை அப்படித்தான் சந்தித்தேன். சிங்களத்தில் 'மாத்தயா' என்றால் ஐயா.

மெலிந்த மனிதர். எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை. நாற்காலி இருந்தும் நின்றுகொண்டே வேலை செய்வார். அவருக்குத் தமிழ் பேச வராது. ஆனால் தமிழ் எழுத்துகளைத் தானாகப் பழகி வைத்திருந்தார். அட்டை ஒன்று எழுதி முடிந்தால் மூன்று மொழியிலும் அவரே சத்தமாக வாசிப்பார். தமிழை எழுத்தெழுத்தாக, கல்லில் கால் வைத்து ஆறு கடக்கிறவர் மாதிரி வாசித்து முடித்துவிட்டு, "இப்போது இதன் பொருளைச் சொல்லுங்கள்" என்பார். நாங்கள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலுமாகத்தான் பேசிக்கொண்டோம். இங்கே தமிழில் எழுதுகிறேன். எதைச் சொன்னாலும் அவருடைய முதற் பதில் "பார்ப்போம்" என்பதுதான். பாராட்டும் இல்லை, கோபமும் இல்லை. நாங்கள் எழுதிக் கொடுக்கும் அறிக்கையின் கீழே சிங்களத்தில் "பார்த்தேன்" என்று எழுதித் திகதி போட்டுவிடுவார். அவ்வளவுதான்.

இருபத்தேழாவது பிழையை அவருக்குக் காட்டினேன். ஒரு ளகரம். நெடுநேரம் பார்த்துவிட்டு, "புதன், சனி இரண்டு நாளும் காலை ஒன்பது மணிக்கு வர வசதிப்படுமா?" என்று கேட்டார். சம்பளம் தர வழியில்லை என்பதையும் அதே மூச்சில் சொன்னார்.

என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. "ஊர் இருக்கிற நிலையில உனக்கு இது தேவையோ? ஒரு குண்டு வெடிச்சால் முதல்ல எங்களைத்தான் பிடிப்பாங்கள். வீட்டோட இரன்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் இல்லாமல் பாண் வாங்கக்கூடப் போக மாட்டோம். காலி வீதிச் சோதனைச் சாவடியில் ஒருநாள் என் பைக்குள் இருந்த வார்னிஷ் போத்தலை எடுத்து மணந்து பார்த்த சிப்பாய், எங்கே போகிறாய் என்று கேட்டான். மியூசியத்துக்கு என்றேன். பார்க்கவா? இல்லை, வேலைக்கு. சம்பளம் எவ்வளவு? சம்பளம் இல்லை. அவன் மற்றவனைத் திரும்பிப் பார்த்து, "சல்லி நெத்துவ!" என்று, காசில்லாமலா என்று, வியந்தான். அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரும் என் பையைத் திறக்கவில்லை. பைத்தியக்காரி என்று முடிவுகட்டியிருப்பார்கள்.

முதல் மூன்று மாதம் எனக்குத் தூரிகைதான். மென்மையான மயிர்த் தூரிகையால் தூசு தட்டுவது, கரப்பான் தடம் பார்ப்பது, பஞ்சுத் துணி மாற்றுவது. அதன் பிறகுதான் பொருட்களுக்கு இலக்கம் எழுதப் பழக்கினார். பொருளின் கண்ணுக்குத் தெரியாத மூலையில் வார்னிஷ் மெல்லிசாக ஒரு பூச்சு. காய்ந்தபின் அதன்மேல் நுண்ணிய நிப்பால் கறுப்பு மையில் இலக்கம். அது காய்ந்தபின் இன்னொரு பூச்சு. பிழை விட்டால் மேல் பூச்சோடு கழற்றி எடுத்துவிடலாம். பொருளுக்குச் சேதம் வராது. பொருட்களைப் பதிந்து வைக்கும் பேரேட்டில் அப்படியில்லை. அங்கே எழுதியதை அழிக்கக்கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு வெட்டி, மேலே திருத்தி எழுதி, பக்கத்தில் சுருக்கக் கையொப்பம் வைக்க வேண்டும். வெட்டிய சொல் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். "நாங்கள் முதலில் என்ன நினைத்தோம் என்பதும் வரலாறுதான்" என்று அவர் சொன்னார்.

நான் அங்கே போன இரண்டாவது வருடம் அந்தப் பெட்டி வந்தது.

ஒன்றரை அடி நீளம். கருங்காலிச் சட்டத்துக்குள் முள்ளம்பன்றி முட்களை நெருக்கி நெருக்கிப் பதித்துச் செய்த பெட்டி. காலி நகரப் பக்கத்தில் ஒரு காலத்தில் இப்படிச் செய்து வெள்ளைக்காரருக்கு விற்றிருக்கிறார்கள். சட்டம் முழுக்க எலும்புத் துண்டுகளைப் பொட்டுப் பொட்டாகப் பதித்திருந்தார்கள். மூடியைத் திறந்தால் சின்னச் சின்ன அறைகள். நுகேகொடையில் இருந்த டொக்டர் குலதுங்க என்ற ஓய்வுபெற்ற வைத்தியர் அன்பளிப்பாகக் கொடுத்தது. பொருளின் பழுதுகளைக் குறித்து வைக்கும் நிலை அறிக்கை எழுதும் வேலை எனக்கு வந்தது.

அறிக்கை எழுதுவதற்கு ஒரு முறை இருக்கிறது. மேசையில் கம்பளித் துணி விரிக்க வேண்டும். பொருளுக்குப் பக்கத்தில் பேனை கூடாது, பென்சில் மட்டும். மேற்பக்கத்தில் தொடங்கி, முன்பக்கம், வலம், பின்பக்கம், இடம், அடி என்று சுற்றி வர வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒவ்வோர் அங்குலமாக. பின்பக்கத்துக்கு வந்தபோது, இடமிருந்து பதினான்காவது முள் மற்றவற்றைப் போல மினுங்கவில்லை. எனக்கு விளங்கவில்லை. எங்கள் தச்சரைக் கூப்பிட்டேன். ஸாலி நானா என்று நாங்கள் எல்லோரும் அழைக்கும் அவர்தான் அங்கே கண்ணாடி அலுமாரிகளைச் செய்து பராமரித்தவர்.

அவர் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். "மிஸ், இது முள்ளில்ல. ஈர்க்கு. தென்னோலை ஈர்க்கு."

"எப்படிச் சொல்லுறீங்கள் நானா?"

"முள்ளுக்கு உள்ளுக்குப் பஞ்சு மாதிரி ஈக்கும். இதுட முனையப் பாருங்க, நார் ஈக்கிது. ஆரோ மை பூசி வெச்சீக்கிறாங்க. நல்ல வேலைக்காரன்."

"பின்பக்கம், இடமிருந்து பதினான்காவது: முள்ளுக்குப் பதிலாகக் கறுப்பு மை பூசிய தென்னை ஈர்க்கு" என்று எழுதினேன். மாத்தயா "பார்த்தேன்" என்று எழுதினார். பெட்டி நான்காவது அறையில், பின்பக்கம் சுவரைப் பார்த்திருக்க, கண்ணாடிக்குள் போய்விட்டது.

ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை. அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா அந்தக் கண்ணாடிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். நெற்றியில் விபூதி, கையில் குடை. கண்ணாடியின் பக்கவாட்டில் முகத்தை அழுத்திப் பின்னால் எட்டிப் பார்க்க முயன்றார். நான் பக்கத்தில் போனேன்.

"அம்மா, கண்ணாடியில சாயாதேங்கோ."

அவர் திரும்பினார். "பிள்ளை, இதை ஒருக்கா மற்றப் பக்கம் திருப்பிக் காட்டேலுமே?"

"ஏன் அம்மா?"

"பின்னுக்கு ஒரு முள்ளு, முள்ளில்லை. ஈர்க்கு. என்ர இவர்தான் இந்தியன் இங்க் பூசி வைச்சவர். மகன் சின்னனில பிடுங்கிப் போட்டான்."

அந்த ஈர்க்கைப் பற்றி உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அவர் பெயர் பரமேஸ்வரி. தகப்பனார் காலியில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தபோது வாங்கிய பெட்டி. கலியாணத்தின் போது மகளுக்குக் கொடுத்திருக்கிறார். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் வெள்ளவத்தையில் அவர்களுடைய வீட்டைச் சூறையாடி எரித்தார்கள். "நாங்கள் மதிலால ஏறிக் குதிச்சு ஓடினனாங்கள். எல்லாம் எரிஞ்சுபோச்சுது எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருந்தனான்" என்றார். கணவர் இறந்து பத்து வருடம். கனடாவில் இருந்த மகன் விசாவுக்குப் போட்டிருந்தான். விசா அலுவலகத்துக்கு வந்த இடத்தில், மழைக்கு ஒதுங்கத்தான் உள்ளே வந்திருக்கிறார்.

அந்தக் கலவரக் கிழமையில் நாங்களும்தான் கொட்டாஞ்சேனையை விட்டு ஓடினோம். பதினொரு நாள் அகதி முகாமில் இருந்தோம். திரும்பி வந்தபோது வீட்டில் கதவுகள்கூட இல்லை. இதை அவரிடம் நான் சொல்லவில்லை. ஒரு கதிரையைப் போட்டு இருத்திவிட்டு அமரதாச மாத்தயாவிடம் ஓடினேன்.

அவர் முழுவதையும் கேட்டார். பென்சிலைக் கீழே வைத்தார்.

"நிலை அறிக்கையை எழுதியது யார்?"

"நான்தான்."

"அந்த அம்மாவை முன்பே தெரியுமா?"

"தெரியாது."

"அவர் எங்கே இருக்கிறார்?"

"வெள்ளவத்தையில்."

"நீங்கள்?"

"வெள்ளவத்தையில்" என்றேன்.

"மிஸிஸ் சிவலிங்கம், இந்த விடயத்தில் இனி நீங்கள் ஒரு சொல்லும் பேசக்கூடாது. அவரோடும் பேசக்கூடாது, வேறு யாரோடும் பேசக்கூடாது. இன்றைக்கு வீட்டுக்குப் போங்கள்."

அந்த மூன்று வருடத்தில் அவர் என்னை நேரத்துக்கு முன் அனுப்பியது அன்றைக்குத்தான். குடையைக்கூட எடுக்காமல் மழையில் பஸ்ஸுக்கு நடந்தேன். சோதனைச் சாவடியில் யாரென்றே தெரியாத ஒரு சிப்பாய் சந்தேகப்பட்டால் எனக்கு வலிக்காது. அது அவனுடைய தொழில். இந்த மனிதர் சந்தேகப்பட்டது நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. நானே விஷயத்தைச் சொல்லிக் கொடுத்து ஒருத்தியைக் கூட்டி வந்தேன் என்றா நினைக்கிறார்? வீட்டில் கணவர் என்னைப் பார்த்துவிட்டு, "நான் அப்பவே சொன்னனான்" என்று தொடங்கினார். பிறகு என் முகத்தைப் பார்த்து, சொல்லாமல் விட்டுத் தேத்தண்ணி போட எழும்பிப் போனார்.

அடுத்த புதன்கிழமை நான் போகவில்லை. மத்தியானம் கதவில் தட்டும் சத்தம். ஸாலி நானா. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மிஸ், கோவமா?"

"கோவமில்லை நானா. போதும் எண்டு நினைக்கிறன்."

"கேளுங்க மிஸ். நீங்க போனதும் மாத்தயா அந்த அம்மாவக் கூப்பிட்டு ஒரு ரூமுல வெச்சார். பெட்டியத் தொறக்கல்ல, கிட்டவும் போக உடல்ல. வெள்ளக் கடதாசியும் பென்சிலும் குடுத்து, ஞாபகத்துல ஈக்கிறத எல்லாம் வரையச் சென்னார். நான் மொழிபெயர்த்தேன். ஆபீஸ் கிளாக் ரெண்டு பேர் சாட்சி. அம்மா உள்ளுக்கு ஈக்கிற அறை எல்லாம் வரைஞ்சா. எந்த அறைக்கு மூடி இல்ல, எதுட அடியில சிவப்பு மை ஊத்திப்பட்டது, எல்லாம். அதெல்லாம் உங்கட அறிக்கையில இல்ல தானே?"

இல்லைதான். சிவப்புக் கறையை நான் கவனிக்கவே இல்லை.

"அதுக்குப் பொறகுதான் பெட்டியத் தொறந்தோம். எல்லாம் சரி. மாத்தயா எழுதின பேப்பர்ல உங்கட பேரு ஒரு எடத்துலயும் வரல்ல. வேணுமெண்டுதான் உங்கள அனுப்பினது, மிஸ். நாளைக்கு மியூசியம் கமிட்டியில எவனாவது, தமிழ் மனிசிக்குத் தமிழ் மனிசி செல்லிக் குடுத்தா எண்டு கேட்டா, அந்தக் கேஸ் அதோட முடிஞ்சுரும் தானே."

மாத்தயா இதை என்னிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் சொல்கிறவர் அல்ல. சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் போனேன். "காலை வணக்கம்" என்றார். "காலை வணக்கம்" என்றேன். தூரிகையை எடுத்துக்கொண்டு இரண்டாவது அறைக்குப் போனேன்.

பேரேட்டில் ஏறிவிட்ட பொருளை வெளியே எடுப்பது சின்ன விஷயமில்லை. கமிட்டி கூடித் தீர்மானிக்க வேண்டும். கமிட்டி ஆதாரம் கேட்டது. படம் இருக்கிறதா? வாங்கிய பற்றுச்சீட்டு இருக்கிறதா? வீடு எரிந்தவரிடம் வீட்டுப் படத்தைக் கேட்டார்கள். அன்பளிப்புச் செய்தவருக்கும் கடிதம் போனது: இந்தப் பெட்டி உங்களுக்கு எப்படி வந்தது என்று தயவுசெய்து தெரிவியுங்கள்.

டொக்டர் குலதுங்க பதில் எழுதவில்லை. ஒரு சனிக்கிழமை நேரில் வந்தார். மாத்தயா அமைச்சுக்குப் போயிருந்தார். வாசல் மேசையில் நான் மட்டும். கடிதத்தைக் கையில் மடித்துப் பிடித்தபடி, காத்திருப்பதாகச் சொல்லி எனக்கு எதிரே உட்கார்ந்தார். எழுபது வயதிருக்கும். நன்றாக மினுக்கிய சப்பாத்து. சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார், என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார், திரும்பவும் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"நீங்கள் கொழும்பில்தானா இருந்தீர்கள், அந்த நேரம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எந்த நேரம் என்று அவர் சொல்லவில்லை.

"ஓம். கொட்டாஞ்சேனையில்."

தலையை ஆட்டினார்.

"நடைபாதையில் வைத்து விற்றார்கள். இரண்டு மாதம் கழித்து. பக்கத்தில் தையல் மெஷின்கள் இருந்தன. ஒரு பிள்ளையின் சைக்கிள். ஒரு குத்துவிளக்கும் இருந்தது. நான் இந்தப் பெட்டியை மட்டும் எடுத்தேன். நான் வாங்காவிட்டால் உடைந்து போயிருக்கும் என்று மனைவியிடம் சொன்னேன்." கடிதத்தை இன்னொரு மடிப்பு மடித்தார். "குத்துவிளக்கைப் பார்த்துவிட்டும் யார் வீட்டுப் பொருட்கள் என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது, இல்லையா? பெட்டியை வீட்டில் வைத்திருக்கப் பிடிக்காமல்தான் உங்களுக்குத் தந்தேன்."

என் வாய்க்குள் எத்தனை சொற்கள் வந்தன என்பதை இப்போது எழுத முடியாது. எங்கள் வீட்டுக் கதவுகளை யார் வாங்கினார்கள் என்று கேட்க நினைத்தேன். நல்லது செய்தீர்கள் என்று சொல்லவும் ஒரு கணம் நினைத்தேன். ஆனால் இந்த விடயத்தில் ஒரு சொல்லும் பேசக்கூடாது என்று எனக்குக் கட்டளை இருந்தது. வாழ்க்கையில் ஒரு கட்டளைக்கு நன்றி சொன்னது அன்றைக்குத்தான்.

"தேநீர் குடிக்கிறீர்களா, டொக்டர்?" என்று கேட்டேன்.

குடித்தார். மாத்தயா வந்ததும் இருவரும் உள்ளே போனார்கள். அரை மணித்தியாலம் கழித்து டொக்டர் வெளியே வந்தபோது கையில் கடிதம் இல்லை. என்னிடம் சொன்னதை அப்படியே, குத்துவிளக்கையும் விடாமல், எழுதிக் கையொப்பம் வைத்துக் கொடுத்திருந்தார். நடைபாதையின் பெயரையும் மாதத்தையும்கூட எழுதியிருந்தார். கமிட்டியில் அந்த ஒரு தாள்தான் வேலை செய்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு, பெட்டி திருமதி பரமேஸ்வரிக்கே உரியது என்று தீர்மானம் வந்தது.

அந்தச் சந்தோஷத்துக்குள் இன்னொரு சிக்கல். பழம்பொருளை நாட்டை விட்டு எடுத்துப் போவதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். அது கிடைக்க எத்தனை மாதமாகும் என்று யாருக்கும் தெரியாது. பரமேஸ்வரி அக்காவுக்கு விசா குத்தியாகிவிட்டது. பயணத்துக்கு மூன்று கிழமைதான் இருந்தது. மாத்தயா இதைச் சொன்னதை ஸாலி நானா மொழிபெயர்த்தார். பரமேஸ்வரி அக்கா சிரித்துவிட்டார். மனம்விட்ட சிரிப்பு.

"வீட்டில இருந்து தூக்கிக்கொண்டு போனவங்களுக்கு ஒரு பெர்மிற்றும் தேவைப்படேல்லை. எனக்குத்தான் வேணுமாமோ?"

ஸாலி நானா ஒரு கணம் தயங்கி, பிறகு ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். மாத்தயா தலையைக் குனிந்துகொண்டார். "இன்னொரு வழி இருக்கிறது" என்றார். "பெட்டி உங்களுடையதாகவே இருக்கும். எங்களுக்கு இரவலாகத் தரலாம். எந்த நாள் கேட்டாலும் திருப்பித் தர நாங்கள் கடமைப்பட்டவர்கள்."

அக்கா யோசித்தார். "என்ர பேர் போடுவீங்களோ?"

"கட்டாயம் போட வேண்டும். அது விதி."

"அப்ப சரி. அங்கை கொண்டுபோய் அப்பார்ட்மென்ற்ல எங்கை வைக்கிறது? இஞ்சை நாலு பேர் பார்க்கட்டும்."

மாத்தயா பேரேட்டை எடுத்து வந்து என் முன்னால் விரித்தார். தன் பேனையையும் வைத்தார். "இனி நீங்கள் பேசலாம், மிஸிஸ் சிவலிங்கம்" என்றார். "எழுதவும் செய்யலாம்." 'அன்பளிப்பு' என்ற சொல்லுக்கு மேல் ஒரே ஒரு கோடு போட்டேன். அதற்கு மேலே 'இரவல்' என்று எழுதினேன். பக்கத்தில் சுருக்கக் கையொப்பம். எத்தனை ஆயிரம் பக்கங்கள் திருத்தியிருக்கிறேன்; மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஒரு திருத்தத்தைத்தான்.

அட்டையின் தமிழையும் நான்தான் எழுதினேன். "முள்ளம்பன்றி முள் பெட்டி. கருங்காலி, முள், எலும்பு. 1983 வரை வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் இருந்தது. இரவல்: திருமதி பரமேஸ்வரி கந்தையா." கமிட்டியில் ஒருவர் அந்த ஆண்டு வேண்டாமே என்றாராம். யுத்தம் நடக்கிற நேரம், அரசாங்கக் கட்டடம். மாத்தயா சொன்னாராம்: "நீளம், அகலம், ஆண்டு மூன்றும் அளவுகள். ஒன்றை மட்டும் எப்படி விடுவது?" அட்டையை அச்சுக்கு அனுப்பும் முன் வழக்கம்போல எழுத்தெழுத்தாகச் சத்தமாக வாசித்தார். முதல் முறையாக, பொருள் என்ன என்று என்னிடம் கேட்கவில்லை.

பயணத்துக்கு முதல் நாள் பரமேஸ்வரி அக்கா வந்தார். பெட்டியை ஒருக்காத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டார். விதிப்படி கை கழுவினார், வளையல்களைக் கழற்றி என்னிடம் தந்தார். மேசையில் கம்பளித் துணியில் பெட்டியை வைத்தோம். மூடியைத் திறந்து ஒவ்வோர் அறையாக விரலால் தொட்டார். "இது ஊசி. இது சட்டைத் தெறி. இது அம்மாவின்ர மூக்குக் கண்ணாடி. இது ஒண்டுமில்லை, சும்மா" என்று எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். அழவில்லை. மூடியை மூடிவிட்டு வளையல்களைப் போட்டுக்கொண்டார். "தங்கச்சி, நாளைக்கு எட்டு மணிக்கு எயார்போட் வான் வருகுது. இன்னும் சூட்கேஸ் கட்டேல்லை" என்று சொல்லி என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்.

அதற்கடுத்த மாதம் ஒரு புதன்கிழமை, டொக்டர் குலதுங்க வந்து வாசலில் நின்றார். தொண்டர்கள் தேவை என்று பத்திரிகையில் பார்த்தேன், என் கை இன்னும் நடுங்குவதில்லை என்று மாத்தயாவிடம் சொன்னார். மாத்தயா "பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, அவரை என் மேசைக்குக் கூட்டி வந்து எதிரே உட்கார வைத்தார்.

எனக்கு அன்றைக்கு விருப்பமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். கதவுகள் இல்லாத வீட்டை நான் மறக்கவில்லை. ஆனால் அவர் எதையும் என்னிடம் கேட்கவில்லை, விளக்கவும் வரவில்லை. வேலையைத்தான் கேட்டார். மேசையில் கண்டிப் பக்கத்துப் பித்தளைப் பாக்குவெட்டிகள் ஆறு இருந்தன. எப்படித் தொடங்குவது என்று காட்டிக் கொடுத்தேன். நோயாளியின் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பது போல அவ்வளவு பொறுமையாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். மத்தியானத்துக்குள் இரண்டு பேருமாக மூன்றை முடித்தோம். பிறகு ஏழு வருடம், அவர் படுக்கையில் விழும்வரை, அந்த மேசையில் எதிரெதிரே இருந்தோம். பெட்டியைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. காற்புள்ளியைப் பற்றி எத்தனையோ நாள் சண்டை பிடித்திருக்கிறோம்.

அந்த முதல் நாள் அவருடைய முதல் அறிக்கையை வாங்கி வாசித்தேன். ஆங்கிலத்தில், வைத்தியர்களுக்கு வராத அழகான கையெழுத்தில், "மிக அழகிய பாக்குவெட்டி" என்று தொடங்கியிருந்தார்.

"டொக்டர், 'மிக அழகிய' என்று எழுத முடியாது. அது ஓர் அளவு அல்ல" என்றேன்.

"ஆனால் அழகாகத்தானே இருக்கிறது?"

"இருக்கிறது."

"அப்படியென்றால்?"

பாக்குவெட்டியை இரண்டு பேரும் பார்த்தோம். பிடியில் ஒரு கிளி, கழுத்தைத் திருப்பி முதுகுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சொற்களின் மேல் ஒரு கோடு போட்டேன், வாசிக்கக்கூடியதாகத்தான் போட்டேன். அவர் பக்கத்தில் கையொப்பம் வைத்தார்.